பிக் பிளைண்டில் சுமாரான கார்டோடு ரெய்ஸை கால் பண்ணலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் டோர்னமென்ட் ஆடப் பழகும் நண்பர்களோடு பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. பிளைண்டில் உட்கார்ந்திருக்கிறேன், யாரோ ரெய்ஸ் பண்ணிவிட்டார் (பந்தயத்தை உயர்த்திவிட்டார்), கையில் பெரிதாக ஒன்றுமில்லை, என்ன செய்வது? சிலர் எல்லாவற்றையும் மடக்கி விலகிவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் கால் பண்ணுகிறார்கள், அதாவது அதே அளவைப் போட்டு ஆட்டத்தில் நீடிக்கிறார்கள். இரண்டு வழியிலும் சிப்ஸ் மெல்லக் கரைந்துபோகிறது. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லா அளவும் பிக் பிளைண்ட் கணக்கில் இருக்கிறது. 2 பிளைண்ட் ரெய்ஸ் என்றால் பிக் பிளைண்டைப் போல இரண்டு மடங்கு. வேறு மாதிரி சொல்லாத இடங்களில் ஆண்டி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளைண்ட் தெரியும். ஆண்டி எதுக்கு? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. பிளைண்ட் என்பது, கார்டு வருவதற்கு முன்பே பட்டனுக்கு (சீட்டுப் போடுபவரின் இடம்) இடதுபக்கம் உள்ள இருவர் வைப்பது: முதலாமவர் ஸ்மால் பிளைண்ட், அடுத்தவர் பிக் பிளைண்ட். ரெய்ஸ் வந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைப் போட்டால் போதும். ஆண்டிக்கு இந்தக் கழிவு கிடையாது, அது நேராக நடுவுக்குப் போய்விடும். முன்பு மேசையில் உள்ள எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் ஆண்டி வைத்தார்கள். சில்லறை எண்ணியே நேரம் போகும். 2018 வாக்கிலிருந்து பெரிய நேரடிப் போட்டிகளில், மேசை முழுவதுக்கும் சேர்த்து பிக் பிளைண்டில் இருப்பவரே ஒரு பிளைண்ட் அளவு ஆண்டி வைக்கும் முறை பரவியது.

ஆக, யாரும் கார்டைப் பார்ப்பதற்கு முன்பே நடுவில் இரண்டரை பிளைண்ட் கிடக்கிறது: ஸ்மால் பிளைண்ட் அரை, பிக் பிளைண்ட் ஒன்று, ஆண்டி ஒன்று. ஆண்டி இல்லாத ஆட்டத்தில் ஒன்றரைதான். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு பிளைண்ட் வித்தியாசத்திலிருந்து வருபவை.

ஏற்கெனவே ஒரு பிளைண்ட், ஒரு ஆண்டி போட்டாச்சு. என் சிப்ஸை நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்?

போட்ட பிறகு அது உங்கள் சிப்ஸ் இல்லை, நடுவில் கிடக்கும் சிப்ஸ். அதை யார் போட்டது என்பது கணக்கில் வராது. நடுவில் எவ்வளவு இருக்கிறது, நான் இன்னும் எவ்வளவு போட வேண்டும், இந்த இரண்டை மட்டும் பாருங்கள். "என்னுடையதை எடுக்கப் பார்க்கிறான்" என்ற கோபத்தில் கால் பண்ணுபவர்கள் ஃப்ளாப்பிலும் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுக் கார்டுகள்) அதே கோபத்தோடுதான் ஆடுகிறார்கள். அங்கேதான் பெரிய நஷ்டம் வருகிறது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். எவ்வளவு திறமையான ஆட்டக்காரருக்கும் பிக் பிளைண்ட் மொத்தத்தில் நஷ்டம் தரும் இடம்தான். கார்டு பார்க்காமலே பணம் வைக்கிறோம், ஃப்ளாப்புக்குப் பிறகு பெரும்பாலும் முதலில் பேச வேண்டியிருக்கிறது. மடக்கினால் வைத்தது முழுவதும் போகும். கால் பண்ணி, சராசரியாக அதைவிடக் குறைவாக இழந்தால் கால் பண்ணியது சரி. இங்கே தேடுவது லாபத்தை அல்ல, நஷ்டத்தைக் குறைக்கும் வழியை. இது புரிந்தால் "கால் பண்ணினேன், தோற்றேன், தப்பு பண்ணிட்டேன்" என்ற புலம்பலுக்கு இடமில்லை.

சரி, கால் பண்ண எத்தனை சதவீதம் ஜெயிக்கணும்? கணக்கு வராதவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

நீங்கள் போட வேண்டியதை, நீங்கள் போட்ட பிறகு நடுவில் இருக்கும் மொத்தத்தால் வகுங்கள். அவ்வளவுதான். பட்டனிலிருந்து 2 பிளைண்ட் ரெய்ஸ் வந்து, ஸ்மால் பிளைண்ட் மடக்கிவிட்டார் என்றால் நடுவில் 4.5 இருக்கும். நீங்கள் போட வேண்டியது 1. போட்ட பிறகு மொத்தம் 5.5. ஒன்றை ஐந்தரையால் வகுத்தால் 18 சதவீதம். ரெய்ஸ் 2.5 என்றால் ஒன்றரையை ஆறரையால் வகுக்க வேண்டும், 23 சதவீதம். ரெய்ஸ் 3 என்றால் 27.

ஆண்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அதே 2.5 ரெய்ஸுக்கு 27 சதவீதம் தேவைப்படும், 3 ரெய்ஸுக்கு 31. ஆண்டி இல்லாத ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள் டோர்னமென்டுக்கு வந்ததும் அளவுக்கு மீறி மடக்குவது இதனால்தான். மேசையில் ரெய்ஸ் அளவைக் கவனிக்காமல் கார்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2-க்கு எடுக்கலாம் என்ற கார்டு 3-க்கு எடுக்கக் கூடாததாக இருக்கலாம்.

18 சதவீதம் போதும்னா எந்த ரெண்டு கார்டும் போதுமே! 7-2 கூட அதுக்கு மேல ஜெயிக்குமே?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக நல்ல கேள்வி இது. ஆஃப்சூட் 7-2 (இரண்டும் வெவ்வேறு சூட், அதாவது ஸ்பேட், ஹார்ட் போன்ற வகை), ஏதோ இரண்டு கார்டுக்கு எதிராக 35 சதவீதம் வரை ஜெயிக்கிறது. ஏஸ் ஜோடிக்கு எதிராகவே 12 சதவீதம் உண்டு. சூட்டட் 7-6 (இரண்டும் ஒரே சூட்) என்றால் ஏஸ் ஜோடிக்கு எதிராக 23 சதவீதம். எதிராளி ஏஸ் ஜோடியைத் திருப்பிக் காட்டிவிட்டு 2 பிளைண்ட் கேட்டாலும், அதோடு பந்தயம் முடிந்துவிடும் என்றால், 7-6 சூட்டடை வைத்துக் கால் பண்ணலாம். விலை அவ்வளவு மலிவு.

ஆனால் அந்தச் சதவீதங்கள் எல்லாம் ஐந்து கார்டும் இலவசமாகத் திறந்தால் கிடைப்பவை. நிஜத்தில் ஃப்ளாப்பில் ஒரு பெட் (பந்தயம்) வரும், டர்னில் (நான்காவது பொதுக் கார்டு) இன்னொன்று வரும், நீங்கள் பாதி வழியில் மடக்குவீர்கள். ரிவரில் (ஐந்தாவது, கடைசிக் கார்டு) ஜெயித்திருக்கக்கூடிய கார்டைக்கூட ஃப்ளாப்பிலேயே தூக்கிப் போட்டிருப்பீர்கள். அதனால் ஏட்டில் உள்ள வாய்ப்பில் ஒரு பங்குதான் கைக்கு வந்து சேரும்.

ஒரு கார்டுக்கு 35 சதவீத வாய்ப்பு, அதில் அறுபது சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 21 கிடைக்கும், 18 தேவை, எனவே எடுக்கலாம். இன்னொரு கார்டுக்கு 29 சதவீத வாய்ப்பு, அதில் பாதிதான் வருகிறது என்றால் 14.5. அதை எடுக்கக் கூடாது. 7-2 இரண்டாவது வகை: ரெய்ஸ் பண்ணியவரின் கார்டு சராசரியைவிட நல்லது என்பதால் அதன் 35 இறங்கிவிடும். ஜோடி விழுந்தாலும் சின்ன ஜோடி, ஸ்ட்ரெய்ட் (தொடர்ச்சியான ஐந்து கார்டு) அமைவது அபூர்வம், ஃப்ளஷ்ஷும் (ஒரே சூட்டில் ஐந்து கார்டு) இல்லை. ஒரு பெட்டைத் தாங்கும் காரணம் அதற்கு எப்போதும் கிடைக்காது.

அப்ப எதை எடுக்கலாம், எதை விடலாம்? பட்டியலா சொல்லுங்க.

ஒரே பட்டியல் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. அடிக்கடி வரும் ஒரு நிலையைச் சொல்கிறேன்: 30, 40 பிளைண்ட் ஸ்டாக் (கையிருப்புச் சிப்ஸ்), பட்டனிலிருந்து 2 பிளைண்ட் ரெய்ஸ், பரிசுப் பணம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. இங்கே சூட்டட் கார்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே ஆடத் தகுந்தவை. எல்லா ஜோடிகளும், எல்லா ஏஸும், எல்லா கிங்கும் ஆடலாம். ஆஃப்சூட்டில் குயின்-5, ஜாக்-7, 10-7 மாதிரியானவையும், 8-6, 7-5, 5-4 மாதிரி அடுத்தடுத்து நிற்பவையும் சேரும். விட வேண்டியவை ஆஃப்சூட் 7-2, 8-2, 8-3, 9-2, 9-3, ஜாக்-2 போன்றவை: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, பெரிய கார்டும் இல்லாத கைகள்.

இதைக் கேட்டதும் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். அந்த நிலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஏதோ ஒரு விதத்தில் ஆட வேண்டியதுதான். ரெய்ஸ் 2.5 ஆனால் ஆஃப்சூட்டின் அடிமட்டத்திலிருந்து வெட்டத் தொடங்குங்கள். 3 ஆனால் இன்னும் நிறைய வெட்டுங்கள். சூட்டடைக் கடைசியில் வெட்டுங்கள்.

சூட்டட்னா அவ்வளவு வித்தியாசமா? ஃப்ளஷ் எப்பவாவதுதானே விழுது?

ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் விழுவது நூற்றுக்கு ஒரு முறைகூட இல்லை. மொத்த வெற்றி வாய்ப்பிலும் இரண்டு மூன்று சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிரா (இன்னும் ஒரு கார்டு வந்தால் ஃப்ளஷ் ஆகும் நிலை) கிடைப்பது 11 சதவீதம். அதுபோக, ஒரு கார்டு மட்டும் அதே சூட்டில் விழுந்து, டர்னும் ரிவரும் வந்தால் ஃப்ளஷ் ஆகும் பேக்டோர் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கும். முந்தைய பதிலில் சொன்ன, வாய்ப்பில் எவ்வளவு கைக்கு வருகிறது என்ற விஷயத்தில்தான் சூட்டட் உதவுகிறது. ஒரு பெட்டைத் தாங்கி அடுத்த கார்டைப் பார்க்க அது ஒரு காரணம் தருகிறது.

ரெய்ஸ் பண்ணது பட்டனா, முதல் ஆளாங்கறது முக்கியமா? விலை ஒண்ணுதானே?

விலை ஒன்றுதான், எதிரே இருக்கும் கார்டு ஒன்றல்ல. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுபவர், பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தே ரெய்ஸ் பண்ணுகிறார். அவரிடம் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், கிங்-குயின், பெரிய ஜோடிகள் அதிகம். அங்கே ஆஃப்சூட் கிங்-6, குயின்-7 எடுத்தால், கிங் விழும்போதும் அவருடைய கிங்குக்குத் துணைக்கார்டு பெரியதாக இருக்கும். கிங்-குயினுக்கு எதிராக கிங்-7 சுமாராக நான்கில் ஒரு முறைதான் ஜெயிக்கிறது. சூட்டட் 9-8 மாதிரியான கார்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஏஸ்-கிங்குக்கு எதிராகக்கூட அதற்கு 40 சதவீத வாய்ப்பு உண்டு, விழுந்தால் விழுந்தது தெளிவாகத் தெரியும்.

ஸ்மால் பிளைண்டே ரெய்ஸ் பண்ணினால் நிலைமை தலைகீழ். ஃப்ளாப்புக்குப் பிறகு அவர்தான் முதலில் பேச வேண்டும், நீங்கள் பார்த்துவிட்டு ஆடலாம். அவர் 3 பிளைண்ட் வைத்தால் உங்களுக்கு 29 சதவீதம் தேவை. எண்ணைப் பார்த்தால் அதிகமாகத் தெரிந்தாலும், பின்னால் பேசும் வசதிக்காக நிறையக் கார்டுகளை எடுக்கலாம்.

ஸ்மால் பிளைண்ட்ல இருந்தா? அங்கயும் பாதி போட்டாச்சே.

அங்கே கையை இறுக்குங்கள். ரெய்ஸ் 2.2 என்றால் பிக் பிளைண்டுக்கு 20 சதவீதம் போதும், ஸ்மால் பிளைண்டுக்கு 27 வேண்டும். அதோடு பின்னால் பிக் பிளைண்ட் இன்னும் பேசவில்லை. அவர் திரும்ப ரெய்ஸ் பண்ணினால் நீங்கள் போட்டது சும்மா போகும். அவர் கால் பண்ணினால் இருவருக்கும் முன்னால் நீங்கள் பேச வேண்டும். சுமாரான கார்டோடு ஸ்மால் பிளைண்டில் கால் பண்ணுவதுதான் நான் பார்ப்பதிலேயே அதிகம் செலவு வைக்கும் பழக்கம். நல்ல கார்டு என்றால் திரும்ப ரெய்ஸ், சூட்டட் பிராட்வே (10 முதல் ஏஸ் வரை) கார்டுகளும் நடுத்தர ஜோடிகளும் இருந்தால் சில நேரம் கால், மற்றதெல்லாம் மடக்கு.

கால் பண்ணிட்டேன். ஃப்ளாப்ல ஒண்ணும் விழல. அவன் பெட் வைக்கறான். இப்ப என்ன பண்றது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முன்பு சொன்ன பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் நஷ்டம் கூடத்தான் செய்யும். ஜோடி இல்லாத இரண்டு கார்டுக்கு ஃப்ளாப்பில் ஜோடியோ அதற்கு மேலோ விழுவது மூன்றில் ஒரு முறைதான். மீதி இரண்டு முறை உங்களிடம் ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் மடக்கினால் எதிராளி கார்டைப் பார்க்காமலே பெட் வைத்து ஜெயித்துக்கொண்டிருப்பார்.

2 பிளைண்ட் ரெய்ஸை கால் பண்ணிய பிறகு நடுவில் 5.5 இருக்கும். இப்போதெல்லாம் பலர் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1.8 வைக்கிறார்கள். அதை கால் பண்ண 20 சதவீதம் போதும். ஃப்ளாப் 10-6-3 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் கிங்-3 இருந்தால் கடைசி ஜோடிதான், ஆனாலும் இந்த விலைக்கு மடக்கவே கூடாது. 9-7 இருந்தால் ஜோடி இல்லை, ஆனால் எட்டு வந்தால் ஸ்ட்ரெய்ட், ஒன்பதோ ஏழோ வந்தால் ஜோடி. எடுக்கலாம். கிங்-4 இருந்தால் கிங் வர வேண்டும், அவ்வளவுதான். கூடவே பேக்டோர் ஃப்ளஷ் இருந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் விடலாம். குயின்-5 ஒன்றுக்கும் ஆகாது, மடக்குங்கள். டர்னில் அவர் பெரிதாக வைத்தால் அந்தக் கடைசி ஜோடியையும் வருத்தமில்லாமல் விடலாம். முதல் பெட்டை எடுத்ததால் இரண்டாவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஃப்ளாப் யாருக்குச் சாதகம் என்பதையும் பாருங்கள். ஏஸ்-கிங்-5 விழுந்தால் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் எல்லாம் அவரிடம் இருக்கலாம். உங்களிடம் இருந்திருந்தால் நீங்கள் முன்பே திரும்ப ரெய்ஸ் பண்ணியிருப்பீர்கள் என்று அவருக்கும் தெரியும். அங்கே தாராளமாக மடக்குங்கள். 7-6-4 விழுந்தால் கதை வேறு. 8-5, 5-3 இரண்டும் அங்கே ஸ்ட்ரெய்ட். இரண்டும் பிக் பிளைண்டில் இருக்கக்கூடியவை, முதல் ஆளாக ரெய்ஸ் பண்ணியவரிடம் இருக்க வாய்ப்பில்லாதவை. இப்படிப்பட்ட ஃப்ளாப்பில் செக் பண்ணி (பந்தயம் வைக்காமல் விட்டு), அவர் பெட் வைத்ததும் ரெய்ஸ் பண்ணப் பழகுங்கள். இரண்டு ஜோடி, ஸ்ட்ரெய்ட் இவற்றோடு சில டிராக்களையும் சேர்த்து ரெய்ஸ் பண்ணினால்தான் அது வேலை செய்யும்.

ஏஸ்-3 வெச்சு கால் பண்ணேன், ஏஸ் விழுந்துச்சு, மொத்த ஸ்டாக்கும் போச்சு. அப்ப ஏஸ்-3 மோசமான கார்டா?

கார்டு மோசமில்லை, அதை வைத்து எவ்வளவு பெரிய ஆட்டம் ஆடுகிறீர்கள் என்பதுதான் பிரச்சினை. சின்னத் துணைக்கார்டோடு மேல் ஜோடி விழுந்தால் அது ஒரு பெட், சில நேரம் இரண்டு பெட் தாங்கும் கார்டு. ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் பெரிதாக வைக்கும் எதிராளியிடம் ஏஸ்-3-ஐ விடச் சின்ன ஏஸ் இருக்க வாய்ப்பு குறைவு. நீங்களாக ரெய்ஸ் பண்ணி ஆட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். 15 பிளைண்ட் ஸ்டாக் என்றால் அதே ஏஸ் ஜோடியோடு எல்லாவற்றையும் வைத்துவிடலாம். 100 பிளைண்ட் என்றால் முடியாது.

டோர்னமென்டின் தொடக்கத்தில் இது இன்னும் தீவிரம். லாஸ் வேகாஸில் நடக்கும் உலக போக்கர் தொடரின் மெயின் ஈவென்டில் ஆளுக்கு 60,000 சிப்ஸ், முதல் பிளைண்ட் 100/200. அதாவது 300 பிளைண்ட் ஆழம். அவ்வளவு ஆழத்தில் ஆஃப்சூட் கிங்-7-ஐ விட சூட்டட் 6-5 எனக்குப் பிடிக்கும். விழுந்தால் பெரிதாக விழும், விழாவிட்டால் எளிதாக மடக்கலாம்.

எனக்கு முன்னாடி இன்னொருத்தர் கால் பண்ணிட்டா? விலை இன்னும் மலிவாச்சே!

ஆமாம், 2 பிளைண்ட் ரெய்ஸுக்கு ஒருவர் கால் பண்ணியிருந்தால் உங்களுக்கு 13 சதவீதம் போதும். ஆனால் இரண்டு பேரை ஜெயிக்க வேண்டும். ஒற்றை ஜோடியின் மதிப்பு இறங்குகிறது, ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட், மூன்று ஒத்த கார்டு இவற்றின் மதிப்பு ஏறுகிறது. ஆகவே சின்ன ஜோடிகளும் சூட்டட் கார்டுகளும் உள்ளே வரட்டும். ஜோடி கையில் இருந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது கார்டு விழுவது 12 சதவீதம். ஆஃப்சூட் கிங்-5, குயின்-6 போன்றவற்றைத் தனியாக ஒருவரிடம் ஆடுவதைவிட இங்கே குறைவாக ஆடுங்கள்.

12 பிளைண்ட்தான் இருக்கு. இப்ப கால் பண்றதைவிட ஆல்-இன் போறதுதான் சரின்னு சொல்றாங்களே?

முன்பு அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆண்டி உள்ள ஆட்டத்தில் 2 பிளைண்ட் ரெய்ஸுக்கு அந்த யோசனை முழுமையானதில்லை. உங்கள் ஸ்டாக் சின்னதானாலும் 18 சதவீத விலை மாறவில்லை. சொல்லப்போனால் சின்ன ஸ்டாக்கில் வாய்ப்பு இன்னும் அதிகமாகக் கைக்கு வருகிறது. ஃப்ளாப்பில் ஒரு ஜோடி விழுந்தால் மொத்தத்தையும் வைத்துவிடலாம், டர்ன், ரிவரில் துரத்தப்படும் பயமில்லை.

ஏஸ்களில் பல, சின்ன, நடுத்தர ஜோடிகள், கிங்-ஜாக் போன்றவை ஆல்-இன் போகட்டும், அதாவது மொத்தச் சிப்ஸையும் வைக்கட்டும். அவர் மடக்கினாலும் லாபம், எடுத்தாலும் உங்களுக்கு வாய்ப்பு உண்டு. கிங்-5, குயின்-7, சூட்டட் 9-6 போன்றவை கால் பண்ணட்டும். ஆனால் ஃப்ளாப்பில் ஏதோ விழுந்தும் தயங்கி மடக்கப்போகிறீர்கள் என்றால் இப்படிக் கால் பண்ணுவதில் அர்த்தமில்லை.

அவனே ஆல்-இன் போயிட்டா?

இது எளிய கணக்கு. ஐந்து கார்டும் திறக்கும், எனவே ஏட்டு வாய்ப்பு முழுவதும் கைக்கு வரும். பட்டனிலிருந்து ஒருவர் 8 பிளைண்ட் ஆல்-இன் போகிறார், உங்களிடம் அதற்கு மேல் இருக்கிறது. போட வேண்டியது 7, மொத்தம் 17.5. தேவை 40 சதவீதம். எந்த ஜோடியும், எந்த ஏஸும், நல்ல கிங்குகளும், குயின்-ஜாக் போன்றவையும் சரி. சின்ன ரெய்ஸுக்கு ஆனந்தமாக எடுத்த சூட்டட் 9-5 இங்கே போகட்டும். அதன் பலம் ஃப்ளாப்புக்குப் பிறகு ஆடுவதில் இருந்தது, இங்கே ஆட ஒன்றுமில்லை. பெரிய கார்டுக்குத்தான் மதிப்பு.

ஆல்-இன் மொத்தமே 3 பிளைண்ட் என்றால் தேவை 27 சதவீதம். பரவலாக ஆல்-இன் போகும் ஆளிடம் எந்த இரண்டு கார்டும் ஏறக்குறைய அந்த அளவைத் தொட்டுவிடும். அடுத்த கேள்வியில் வரும் சூழல் இல்லையென்றால் பார்க்காமலே எடுக்கலாம்.

இன்னும் ஒருத்தர் வெளியே போனா பரிசுப் பணம். இப்பவும் இவ்வளவு தாராளமா கால் பண்ணலாமா?

கூடாது. இதுவரை சொன்ன சதவீதங்கள் சிப்ஸ் கணக்கு. பபிளிலும் (பரிசுப் பணத்துக்குச் சற்று முந்தைய கட்டம்) கடைசி மேசையிலும் சிப்ஸும் பணமும் ஒன்றல்ல. ஐசிஎம் என்ற கணக்கு முறை சிப்ஸைப் பரிசுப் பணமாக மாற்றிக் காட்டுகிறது. மூன்று பேர் மிச்சம், சமமான சிப்ஸ், பரிசு 50, 30, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் பங்கு இப்போது 33.33. நீங்களும் இன்னொருவரும் ஆல்-இன் போய் நீங்கள் ஜெயித்தால் சிப்ஸ் இரட்டிப்பாகும், ஆனால் உங்கள் பங்கு 43.33 மட்டுமே. தோற்றால் 20. பத்தைப் பெற 13.33-ஐப் பணயம் வைக்கிறீர்கள். சிப்ஸ் கணக்கில் 50 சதவீதம் போதுமான ஆட்டத்துக்குப் பணக் கணக்கில் 57 சதவீதம் தேவை. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவர் இரண்டு விதத்திலும் லாபம் அடைகிறார்.

ரெய்ஸ் பண்ணியவர் உங்களைவிடப் பெரிய ஸ்டாக், மேசையில் உங்களைவிடச் சின்ன ஸ்டாக்குகள் இருவர் என்றால் ஆஃப்சூட் குப்பைகளைத் தூக்கிப் போடுங்கள். அவரோடு பெரிய ஆட்டத்தில் மாட்டினால் இழப்பது உங்கள் பரிசு. நீங்களே பெரிய ஸ்டாக், அவர் நடுத்தரம் என்றால் பயப்பட வேண்டியவர் அவர்தான். அப்போது தாராளமாக ஆடுங்கள், ஃப்ளாப்பில் அழுத்தம் கொடுங்கள்.

சாட்டிலைட், பவுன்டி இதுலயும் இதே கணக்கா?

இல்லை, இரண்டும் எதிரெதிர் திசைகள். சாட்டிலைட்டில் (பெரிய போட்டிக்கு டிக்கெட் தரும் போட்டி) முதல் பத்துப் பேருக்கும் ஒரே டிக்கெட் என்றால், முதலாவதாக வருவதற்குத் தனிப் பரிசு கிடையாது. இடம் உறுதியாகும் தறுவாயில் ஏஸ் ஜோடியைக்கூட மடக்குவது சரியாக இருக்கும் நிலைகள் உண்டு. சுமாரான கார்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பவுன்டியில் ஒருவரை வெளியேற்றினால் உடனே பணம். அவருடைய ஸ்டாக் உங்களுடையதைவிடச் சின்னது என்றால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத சிப்ஸ் கொஞ்சம் கூடுதலாகக் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், தேவையான சதவீதம் இறங்கும். உங்கள் ஸ்டாக்தான் சின்னது என்றால் அந்தச் சலுகை இல்லை.

ஒருத்தன் ஒவ்வொரு முறையும் என் பிளைண்டைப் பார்த்தே ரெய்ஸ் பண்றான். எப்படி நிறுத்தறது?

அவர் 2 வைத்து 2.5-ஐ எடுக்கப் பார்க்கிறார். நீங்களும் ஸ்மால் பிளைண்டும் சேர்ந்து 44 சதவீதத்துக்கு மேல் மடக்கினால், எந்த இரண்டு கார்டை வைத்தும் அவருக்கு உடனடி லாபம். உங்களைக் குறிவைக்கிறார் என்றால், நீங்கள் அதிகம் மடக்குகிறீர்கள் என்று கண்டுபிடித்துவிட்டார் என்று பொருள். முதலில் முன்பு சொன்ன பட்டியல்படி ஆடுகிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அதற்கு மேல், சூட்டட் ஏஸ்-5, சூட்டட் கிங்-6 போன்றவற்றைச் சில நேரம் கால் பண்ணாமல் திரும்ப ரெய்ஸ் பண்ணுங்கள். உங்கள் கையில் ஒரு ஏஸ் இருப்பதால் அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு குறைகிறது, அவர் எடுத்தாலும் உங்களுக்கு ஆட வழி உண்டு. 8-3-ஐ வைத்துப் பாடம் கற்பிக்கப் போகாதீர்கள்.

9-4 வெச்சு கால் பண்ணி பெரிய ஆட்டம் ஜெயிச்சேன். அப்ப அது சரியான முடிவுதானே?

ஜெயித்ததால் சரியும் இல்லை, தோற்றிருந்தால் தப்பும் இல்லை. ரெய்ஸ் அளவு என்ன, எங்கிருந்து வந்தது, சூட்டடா, ஸ்டாக் எவ்வளவு, பரிசுப் பணம் எவ்வளவு அருகில் என்ற ஐந்துக்கும் பதில் சொல்லுங்கள், நான் சரியா தப்பா என்று சொல்கிறேன். பட்டனின் 2 பிளைண்ட் ரெய்ஸுக்கு சூட்டட் 9-4 நல்ல முடிவு. முதல் ஆளின் 3 பிளைண்ட் ரெய்ஸுக்கு ஆஃப்சூட் 9-4 கெட்ட முடிவு. நடுவில் என்ன விழுந்தது என்பது கேள்வியிலேயே இல்லை.

இதையெல்லாம் எங்க ஆடிப் பழகறது? ஆன்லைன்ல காசு வெச்சு ஆடலாமா?

இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பதில் தெளிவானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. வேறு நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

பழகுவதற்குக் காசு தேவையில்லை. வீட்டில் இரண்டு பேர், ஒரு கட்டு சீட்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் சிப்ஸ் போதும். ஒருவர் எப்போதும் பட்டன், 2 பிளைண்ட் ரெய்ஸ். மற்றவர் எப்போதும் பிக் பிளைண்ட், மேலே சொன்ன பட்டியல்படி கால். ஸ்மால் பிளைண்ட் மடக்கியதாக வைத்து அரை பிளைண்டை நடுவில் போட்டுவிடுங்கள், ஆண்டியையும் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஃப்ளாப்பிலும் பட்டன் 1.8 வைக்கட்டும். பிக் பிளைண்ட் தன் கார்டைத் திருப்பிக் காட்டி, ஏன் எடுக்கிறேன், ஏன் மடக்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து ஆட்டத்துக்கு ஒரு முறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும் கார்டுகளைக் குறித்துவைத்து, பிறகு ஏதாவது ஒரு இலவச வாய்ப்புக் கணிப்பானில் போட்டுப் பாருங்கள்.